வீட்டிலேயே ஒரு சார்ஜிங் ஸ்டேஷன்: குழாய் யார் கையில் இருக்கிறது?

மேசை ஓரத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் நாலு அடாப்டர் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, கிளம்பிய கேபிள்கள் எல்லாம் பின்னிப் பிணைந்து, எது எந்தப் போனுக்கு என்று தெரிந்துகொள்ள நுனியைப் பிடித்து அடி வரை தடவிக்கொண்டே போக வேண்டிய நிலைமை. இதில் அலுத்துப்போய்த்தான் பலரும் ஒரு பெட்டி செய்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சார்ஜ் போடலாம் என்று இறங்குகிறார்கள். நல்ல யோசனை, செலவும் பெரிதாக இல்லை. பழைய ஷூ பெட்டியோ பிளைவுட் துண்டோ இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் பெட்டிக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று யோசிக்கும் நேரத்தில் கால்வாசி கூட, அதற்குள் ஓடப்போகும் கரண்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "பெரிய ஆம்ப் சார்ஜரில் சின்னப் போனைப் போடாதே, பேட்டரி போயிடும்" என்பார் ஒருவர். "எல்லாம் அஞ்சு வோல்ட்டுதான், எதை வேணாலும் எதோட வேணாலும் ஒட்டு" என்பார் இன்னொருவர். முதலாவது வீண் பயம், இரண்டாவது வீண் தைரியம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது யார் என்று தெரியாதது.

சுவரில் மாட்டுவது சார்ஜரே இல்லை

பெயரிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. சுவரில் செருகும் அந்தச் சின்ன டப்பாவை நாம் சார்ஜர் என்கிறோம். உண்மையில் அது பேட்டரியைச் சார்ஜ் செய்வதில்லை. வீட்டு மின்சாரத்தை (இடத்தைப் பொறுத்து 120 அல்லது 230 வோல்ட்) போன் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்து, நேர் மின்சாரமாக மாற்றி, இந்தா என்று வாசலில் வைத்துவிட்டு நிற்கும், அவ்வளவுதான். அதனால் இந்தக் கட்டுரையில் அதை அடாப்டர் என்றே சொல்லப்போகிறேன்.

உண்மையான சார்ஜர் போனுக்குள்ளேயே இருக்கிறது. விரல் நகத்தில் பாதி அளவு கூட இல்லாத ஒரு சிப். பேட்டரி எவ்வளவு காலியாக இருக்கிறது, சூடு எவ்வளவு, வெளியே நிற்கும் அடாப்டர் எவ்வளவு தரும் என்று பார்த்து, எவ்வளவு கரண்டை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது அதுதான். நிறைந்ததும் நிறுத்துவதும் அதுதான். ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால் "ஓவர் சார்ஜ்" ஆகிவிடும் என்ற பயத்துக்குப் பதிலும் இதுவே.

தொட்டியும் குழாயும்

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே ஒரு குழாய், குழாயடியில் ஒரு வாளி. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, தண்ணீர் அவ்வளவு அழுத்தத்தோடு இறங்கும். மின்சாரத்தில் இந்த அழுத்தத்துக்குப் பெயர் மின்னழுத்தம், அளக்கும் அலகு வோல்ட். குழாயில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது மின்னோட்டம், அதன் அலகு ஆம்பியர், பேச்சில் ஆம்ப். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட், அதாவது மொத்தத்தில் எவ்வளவு வேகமாகச் சக்தி கைமாறுகிறது என்ற கணக்கு. 5 வோல்ட்டில் 2 ஆம்ப் என்றால் 10 வாட். 9 வோல்ட்டில் 2 ஆம்ப் என்றால் 18 வாட்.

இது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்ட உவமைதான். ஆனால் ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. குழாயின் திருகு யார் கையில் இருக்கிறது? அடாப்டர் கையில் என்று நினைப்பதால்தான் அந்த ஆம்ப் பயம் வருகிறது. திருகு போனின் கையில் இருக்கிறது. அடாப்டரில் "5 வோல்ட், 3 ஆம்ப்" என்று அச்சடித்திருந்தால், "3 ஆம்ப் வரை கேட்டால் கொடுப்பேன்" என்று அர்த்தம், 3 ஆம்ப்பைத் திணிப்பேன் என்று அர்த்தமில்லை. காதில் மாட்டும் சின்ன இயர்பட்ஸ் டப்பா அதில் கால் ஆம்ப் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். தொட்டி பெரிது என்பதற்காக வாளி உடைவதில்லை.

உயரம் வேறு கதை. 5 வோல்ட் எதிர்பார்த்து நிற்கும் பொருளுக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தால், திருகை எவ்வளவு இறுக்கி மூடினாலும் குழாயே பிய்த்துக்கொண்டு போகும்.

ஆக, இதுவரை: வோல்ட் பொருந்தியே ஆக வேண்டும். ஆம்ப் தேவையான அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். எவ்வளவு எடுப்பது என்பது போனின் முடிவு.

கதவைத் தட்டி, பேசி, அப்புறம்தான்

அப்படியானால் 9 வோல்ட், 20 வோல்ட் என்று தரும் வேகமான அடாப்டர்கள் எப்படி எதையும் எரிக்காமல் இருக்கின்றன? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அடாப்டரும் போனும் முதலில் பேசிக்கொள்கின்றன.

பழைய பட்டையான யூ.எஸ்.பி சாக்கெட்டை உற்றுப் பாருங்கள், உள்ளே நாலு பித்தளைக் கீற்று தெரியும். ஓரத்து இரண்டும் கரண்டுக்கு, நடு இரண்டும் தகவலுக்கு. இவற்றை டேட்டா கம்பிகள் என்பார்கள். செருகியதும் போன் முதலில் அந்த நடு இரண்டைத்தான் தொட்டுப் பார்க்கிறது. எதிரே இருப்பது கம்ப்யூட்டரா, அடாப்டரா? கம்ப்யூட்டர் என்று தோன்றினால் அடக்கி வாசிக்கும், பழைய யூ.எஸ்.பி 2.0 விதிப்படி அதிகபட்சம் அரை ஆம்ப்தான். நடு இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், "ஓ, இது சார்ஜ் போட மட்டும் வைத்த இடம்" என்று புரிந்துகொண்டு ஒன்றரை ஆம்ப் வரை கேட்கும். 2010-ல் வந்த பேட்டரி சார்ஜிங் 1.2 என்ற விதியில் இது இருக்கிறது. ஆப்பிள் அடாப்டர்கள் அந்த இரண்டு கம்பியிலும் குறிப்பிட்ட வோல்ட்டை வைத்துத் தங்களை அடையாளம் காட்டிக்கொண்டன. ஆளுக்கொரு ரகசியச் சொல் மாதிரி.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. முதல் ஸ்டேஷனை ஒரு பழைய 12 வோல்ட் அடாப்டர், வோல்ட்டைக் குறைக்கும் ஒரு எல்.எம்.2596 சர்க்யூட் பலகை, நாலு யூ.எஸ்.பி சாக்கெட் என்று நானே சால்டர் வைத்துச் செய்தேன். அந்தப் பலகையில் நீல டப்பா ஒன்று, அதன் தலையில் குண்டூசித் தலை அளவுக்குப் பித்தளைத் திருகு. அதைத் திருப்பி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே 5-ல்தான் இருக்கும் என்று நினைத்துப் போனைச் செருகப் போனவன், எதற்கும் பார்ப்போமே என்று மல்டிமீட்டரை வைத்தால் பதினொன்றரைக்கு மேல் காட்டுகிறது! கை நடுங்கிவிட்டது. திருகை இடது பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றும் வரை எண் அசையவே இல்லை, அப்புறம் சரசரவென்று இறங்கியது.

சரி, 5 வோல்ட் வந்துவிட்டது. போனைப் போட்டால் சார்ஜ் ஆகிறது, ஆனால் ஆமை வேகம். கேபிளை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் ரொம்பச் சின்னது. நடு இரண்டு கீற்றையும் நான் எதோடும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டிருந்தேன். போன் கதவைத் தட்டுகிறது, உள்ளே ஆள் இல்லை, எதற்கு வம்பு என்று மிகக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து அரிசி அளவு ஈயத்தை வைத்ததும் வேகம் கூடியது. "வீட்டில் செய்தது மெதுவாகத்தான் ஏறும்" என்று புலம்பும் பலரின் பிரச்சினை இதே ஈயச் சொட்டுதான்.

டைப் சி-யில் இந்தப் பேச்சுக்கென்றே தனிக் கம்பி உண்டு. எதுவும் செருகாமல் சும்மா இருக்கும்போது, ஒழுங்காகச் செய்த டைப் சி அடாப்டரின் போர்ட்டில் வோல்ட்டே இருக்காது. எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று தெரிந்தால்தான், "சரி, ஆள் வந்திருக்கிறது" என்று 5 வோல்ட்டைத் திறந்துவிடும். மின்தடை என்பது ஓட்டத்தை மறிக்கும் குணம், அலகு ஓம்; கேபிள் பகுதியில் மறுபடி வரும்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் டெலிவரி என்ற முறை இருக்கிறது. அடாப்டர் தன்னிடம் இருக்கும் பட்டியலைச் சொல்லும்: 5, 9, 15, 20 வோல்ட். போன் தனக்கு ஒத்துவருவதைக் கேட்கும், அடாப்டர் சம்மதித்த பிறகுதான் உயரம் கூடும். பேச்சு எப்போதும் 5 வோல்ட்டில் தொடங்குகிறது, பேசத் தெரியாத பொருளுக்குக் கடைசி வரை 5 தான். அதனால்தான் லேப்டாப் அடாப்டரில் இயர்பட்ஸை மாட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. 2021-ல் இந்த முறையை 48 வோல்ட், 240 வாட் வரைக்கும் நீட்டினார்கள், ஆனால் நம் பெட்டிக்கு அது தேவையில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. உருண்டைப் பின் வைத்த பழைய லேப்டாப் அடாப்டர், ரவுட்டர் அடாப்டர் இவையெல்லாம் இப்படிப் பேசுவதில்லை. 19 என்றால் 19, 12 என்றால் 12, செருகிய நொடியே அடிக்கும். இவற்றை ஸ்டேஷனுக்குள் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் பின் மாறிப்போகாதபடி பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

சுருக்கமாக: வெறும் 5 வோல்ட் கம்பி போதாது, அந்தப் பேச்சைப் பேசத் தெரிந்த அடாப்டர் வேண்டும். அதை நாமே செய்வதைவிட, ஏழெட்டுப் போர்ட் இல்லாவிட்டாலும் நாலைந்து போர்ட் வைத்த நல்ல அடாப்டர் ஒன்றை வாங்கி, பெட்டியை மட்டும் நாம் செய்வது புத்திசாலித்தனம். எனக்கு இது புரிய இரண்டு பெட்டி ஆனது.

எத்தனை வாட் வேண்டும்?

நாலு போர்ட் அடாப்டர் என்றதும் நாலிலும் முழு வேகம் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மொத்த வாட் ஒன்று, அதை எல்லாப் போர்ட்டும் பங்குபோட வேண்டும். "65 வாட்" என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில், இரண்டைச் செருகினால் 45-ம் 20-ம் என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் முக்கியம். இரண்டாவது போனைச் செருகும்போது முதல் போன் ஒரு நொடி சார்ஜ் நின்று மறுபடி ஆரம்பிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கோளாறு இல்லை, புதிதாக ஆள் வந்ததால் பங்கை மறுபடி பேசி முடிக்கிறார்கள்.

இனி கணக்கு. 5000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் போன் பேட்டரியை அதன் சராசரி வோல்ட்டான 3.85-ஆல் பெருக்கினால் சுமார் 19 வாட் மணி. அதாவது 19 வாட்டை ஒரு மணி நேரம் கொடுத்தால் நிறையும் அளவு. வழியில் சூடாக வீணாவதையும் சேர்த்து 23 என்று வையுங்கள். வெறும் 10 வாட் கொடுத்தாலே இரண்டரை மணி நேரம். கடைசிப் பகுதியில் போனே திருகை மெல்ல மூடிக்கொண்டு வரும் என்பதால் மூன்று மணி நேரம் என்றே கொள்ளலாம். நாம் தூங்குவது அதைவிட அதிகம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், மலிவாகச் செய்வதற்கான வழி இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ராத்திரி போட்டு காலையில் எடுக்கும் ஸ்டேஷனுக்கு வேகம் எதற்கு? நாலு போனுக்குத் தலா 10 என்றால் 40 வாட், கூட வாட்ச், இயர்பட்ஸ் என்று ஐந்து சேர்த்தால் 45. தலைக்கு 65 என்று விலை உயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை. மெதுவாக ஏற்றினால் பேட்டரிக்குச் சூடும் குறைவு. லேப்டாப் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அதற்குத் தனியாக 45 முதல் 65 வரை ஒதுக்குங்கள், இல்லையென்றால் அதைப் பெட்டிக்கு வெளியிலேயே அதன் சொந்த அடாப்டரில் விட்டுவிடுங்கள். நான் விட்டுவிட்டேன்.

பழியெல்லாம் அடாப்டருக்கு, குற்றம் கேபிளில்

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும், இடையில் இருக்கும் குழாய் பேனா ரீபிள் மாதிரி மெல்லிசாக, அதுவும் நீளமாக இருந்தால் கடைசியில் சொட்டுத்தான் வரும். கேபிளிலும் அதேதான். உள்ளே ஓடும் செம்புக் கம்பியின் தடிமனை கேஜ் எண்ணால் சொல்வார்கள், எண் பெரிதானால் கம்பி மெல்லிசு. மலிவுக் கேபிள்களில் 28 கேஜ் சகஜம். ஒரு மீட்டர் 28 கேஜ் கம்பிக்கு மின்தடை கிட்டத்தட்ட 0.21 ஓம். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு, 0.42. அதில் 2 ஆம்ப் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ட் காணாமல் போகும். அடாப்டர் வாசலில் 5 இருந்தது, போன் வாசலில் 4.15 தான் இருக்கிறது. போன் அதைப் பார்த்து, "எதிரே இருக்கிறவர் திணறுகிறார் போல" என்று திருகைக் குறைத்துக்கொள்ளும். நாம் அடாப்டரைத் திட்டுவோம்.

அதே நீளத்தில் 24 கேஜ் கம்பி இருந்தால் இழப்பு 0.34 வோல்ட் மட்டும். மெல்லிய கம்பியே ஆனாலும் நீளத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் கால் வோல்ட்டில் முடிந்துவிடும். ஸ்டேஷனுக்குக் குட்டைக் கேபிள் போடச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை என்பது இப்போது புரியும். நீளக் கேபிளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே திணிப்பவர்கள், நீளத்தின் இழப்பையும் சுருளின் சூட்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

பெட்டிக்குள் சிக்கிய சூடு

எந்த அடாப்டரும் வாங்கியதை முழுதாகக் கொடுப்பதில்லை. 87 சதவீதம் கொடுக்கும் ஒரு நல்ல அடாப்டரை எடுத்துக்கொண்டால், 60 வாட் வெளியே தர அது சுவரிலிருந்து 69 வாட் வாங்குகிறது. மீதி 9 வாட் சூடு. சின்னதாகத் தோன்றும். ஆனால் அந்த 9 வாட்டை மூடிய அட்டைப்பெட்டிக்குள் மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள், போக வழியில்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டு போகும்.

வோல்ட்டைக் குறைக்க 7805 என்ற மூன்று கால் சில்லை இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள், மலிவு, எளிது என்று. அது 12 வோல்ட்டை வாங்கி 5-ஐக் கொடுக்கும்போது நடுவில் இருக்கும் 7 வோல்ட்டை அப்படியே சூடாக எரித்துவிடுகிறது. 1 ஆம்ப் ஓடினால் போனுக்கு 5 வாட், காற்றுக்கு 7 வாட். அது ஹீட்டர், கூடவே கொஞ்சம் சார்ஜும் போடுகிறது.

அதனால் என் பெட்டியில் அடாப்டர் உள்ளே இல்லை, பின்பக்கப் பலகைக்கு வெளியே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கேபிள்கள் மட்டும் துளை வழியாக உள்ளே வருகின்றன. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால், அடியில் ஒரு வரிசைத் துளையும் மேலே ஒரு வரிசைத் துளையும் போடுங்கள், சூடான காற்று தானாக மேலே ஏறி வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழையும். மேல் துளை மட்டும் போட்டால் பாதிப் பயன்தான். போன்களை அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைக்கவே கூடாது, சார்ஜ் ஏறும் போனும் சூடாகும், லித்தியம் பேட்டரிக்குச் சூடு பிடிக்காது. பைல் அடுக்கும் தடுப்புச் சட்டம் இருந்தால் அதைப் போல நேராக நிற்க வையுங்கள், இடையில் இரண்டு விரல் இடைவெளி.

இதில் நினைவில் வைக்க வேண்டியது: கேபிள் குட்டை, கம்பி தடிமன், அடாப்டர் காற்றோட்டத்தில்.

கைவைக்கக் கூடாத பக்கம்

வீட்டு மின்சாரம் வரும் பக்கத்தை நாமே செய்வது வேண்டாம். ஒழுங்கான அடாப்டருக்குள் சுவர்ப் பக்கமும் போன் பக்கமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் ஒரு குட்டி மின்மாற்றி காந்தத்தின் வழியாகவே சக்தியைக் கடத்துகிறது. இதைத் தனிமைப்படுத்தல் என்பார்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே போனைக் காதில் வைக்கும் நம்மைக் காப்பாற்றுவது அந்த இடைவெளிதான். பெயர் ஊர் இல்லாத மலிவு அடாப்டர்களில் அந்த இடைவெளியைத்தான் முதலில் சுருக்குவார்கள். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் பிரித்து 5 வோல்ட் எடுக்கலாம் என்ற யோசனையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகளில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். தெரிந்தவர்களே கை கட்டிக்கொண்டு யோசிக்கும் இடம் அது.

அப்புறம், பின்பக்கம் உப்பி நிற்கும் போனை எந்த ஸ்டேஷனிலும் வைக்காதீர்கள்.

கடைசியில் செய்வது இவ்வளவுதான்

பெட்டியின் பின்பலகையில் விரல் நுழையும் அளவுக்குப் போனுக்கு ஒன்றாகத் துளை. துளையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் கேபிளின் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். குட்டைக் கேபிளை உள்ளே இழுத்து, தலை பின்னால் நழுவி விழாதபடி துளைக்கு உள்பக்கம் ஒரு கேபிள் டையைக் கட்டி வால் நறுக்கிவிடுங்கள். அடாப்டரை வெளியே பட்டையால் கட்டுங்கள், பசை வேண்டாம், ஒருநாள் மாற்ற வேண்டி வரும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள், அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் என்று வால் பிடித்துக்கொண்டு போக வேண்டாம்.

முதல் ராத்திரியே எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பகலில், எல்லாப் போனும் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது மொத்தமாகச் செருகி, ஒரு மணி நேரம் கழித்து அடாப்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பத்து வரை வைத்திருக்க முடியவில்லை என்றால் ஒரு போனை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். அடாப்டரைவிட பிளக் சூடாக இருந்தால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது, அந்த சாக்கெட்டை மாற்றும் வரை பெட்டிக்கு லீவு விட்டுவிடுங்கள்.